வெறும் காத்துதானே? ஏர் கம்ப்ரசரை பாதுகாப்பாக இயக்குவது எப்படி... பஞ்சர் கடை முதல் பட்டாசு ஆலை வரை முழு விளக்கம்!

விருதுநகர் மாவட்டத்தில் ஏர் கம்ப்ரசர் சத்தம் கேட்காத ஊரே இல்லை என்று சொல்லலாம். நான்குவழிச் சாலை ஓரத்து பஞ்சர் கடை, சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் ஆஃப்செட் பிரஸ், ராஜபாளையத்து நூற்பாலை, பெயின்ட் அடிக்கும் பட்டறை, தோட்டத்தில் போர் தண்ணீர் எடுக்கும் மோட்டார் ரூம் என எங்கு போனாலும் ஒரு கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும்.

கேஸ் சிலிண்டர் என்றால் எல்லோருக்கும் பயம் இருக்கிறது. கரண்ட் என்றாலும் பயம் இருக்கிறது. ஆனால் கம்ப்ரசர் என்றால் "வெறும் காத்துதானே" என்ற நினைப்புதான் பலருக்கு. துருப்பிடித்த டேங்க், கம்பி வைத்துக் கட்டிய வால்வு, மூடி இல்லாத பெல்ட் என வருடக்கணக்கில் ஓடும் இயந்திரங்கள் ஏராளம். இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்பதால் இனியும் ஆகாது என்று அர்த்தம் இல்லை.

பட்டாசுத் தொழில் நடக்கும் பகுதியில் இந்த அலட்சியத்துக்கான விலை இன்னும் அதிகம். ஏர் கம்ப்ரசரில் என்ன ஆபத்து இருக்கிறது? அதை எப்படிப் பாதுகாப்பாக இயக்குவது? விரிவாகப் பார்க்கலாம்.

கம்ப்ரசருக்குள் என்ன நடக்கிறது?

சாதாரண பிஸ்டன் கம்ப்ரசரின் வேலை ரொம்ப எளிமையானது. மோட்டார் பெல்ட்டைச் சுற்றும். பெல்ட் பிஸ்டனை இயக்கும். பிஸ்டன் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, டேங்குக்குள் தள்ளும். உள்ளே போன காற்று திரும்பி வராமல் நான்-ரிட்டர்ன் வால்வு தடுக்கும்.

டேங்கில் தேவையான அழுத்தம் வந்ததும் பிரஷர் சுவிட்ச் மோட்டாரை நிறுத்திவிடும். அப்போது 'புஸ்' என்று ஒரு சத்தம் வரும். பிஸ்டன் தலைப்பகுதியில் மாட்டியிருந்த காற்று வெளியேறும் சத்தம் அது. அந்தச் சத்தம் வரவில்லை என்றால், அடுத்த முறை மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது முக்கும், சூடாகும், காயில் எரியும். மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டிய முதல் அறிகுறி இதுதான்.

ஒருவேளை பிரஷர் சுவிட்ச் பழுதாகி மோட்டார் நிற்கவே இல்லை என்றால்? அதற்காகத்தான் டேங்கில் சேஃப்டி வால்வு இருக்கிறது. அழுத்தம் எல்லை தாண்டினால் அதுவே திறந்து காற்றை வெளியே விட்டுவிடும். டேங்குக்கும் வெடிப்புக்கும் நடுவே நிற்கும் கடைசிக் காவல்காரன் இந்தச் சின்ன வால்வுதான்.

வெறும் காற்றுக்கு இவ்வளவு சக்தியா?

பட்டறைகளில் "7 கிலோ பிரஷர்" என்று சொல்வார்கள். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் 7 கிலோ எடை அழுத்துகிறது என்று பொருள். பி.எஸ்.ஐ. கணக்கில் இது ஏறக்குறைய 100.

கேட்க சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் 30 சென்டிமீட்டர் விட்டம் உள்ள டேங்கின் ஒரு பக்க மூடியை எடுத்துக்கொண்டால், அதன் மீது உள்ளிருந்து தள்ளும் மொத்த விசை ஏறக்குறைய 5 டன். அந்த மூடியைப் பிடித்து வைத்திருப்பது ஒரு வெல்டிங் மட்டும்தான்.

100 லிட்டர் டேங்கில் 7 கிலோ அழுத்தத்தில் காற்று இருந்தால், அது ஒரேயடியாக விரியும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் 90 கிலோ ஜூல். ஒரு டன் எடையை மூன்று மாடி உயரத்துக்குத் தூக்கிப் போடும் அளவு சக்தி அது. டேங்க் கிழிந்தால் இத்தனையும் கண் இமைக்கும் நேரத்தில் வெளியே வரும். இரும்புத் துண்டுகள் சுவரைத் துளைக்கலாம். டேங்கே ராக்கெட் போலப் பறக்கலாம். இதற்கு நெருப்பும் வேண்டாம், கேஸும் வேண்டாம்.

டேங்க் ஏன் வெடிக்கிறது?

முதல் காரணம் தண்ணீர். காற்றில் எப்போதும் ஈரப்பதம் இருக்கும். 7 கிலோ அழுத்தம் என்றால் ஏறக்குறைய 8 லிட்டர் காற்றை 1 லிட்டர் இடத்தில் அடைக்கிறோம். அதில் இருந்த ஈரம் முழுவதும் ஆவியாகவே இருக்க முடியாது. டேங்க் குளிரும்போது தண்ணீராகி அடியில் தேங்கும். வெளியே பெயின்ட் பளபளப்பாக இருந்தாலும், உள்ளே அடிப்பகுதி துருப்பிடித்து மெலிந்துகொண்டே போகும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது என்பதுதான் இதில் பெரிய ஆபத்து.

இரண்டாவது, செயலிழந்த சேஃப்டி வால்வு. "லேசா காத்து கசியுது அண்ணாச்சி" என்று சொல்லி வால்வைக் கழற்றிவிட்டு பிளக் போட்டு அடைப்பது, கம்பி வைத்து இறுக்கிக் கட்டுவது, தூசி படிந்து இறுகிப்போக விடுவது எல்லாம் பல இடங்களில் நடப்பவை.

மூன்றாவது, அழுத்தத்தை இஷ்டத்துக்கு ஏற்றுவது. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று பிரஷர் சுவிட்சைத் திருகி, டேங்க் தாங்கும் எல்லைக்கு மேல் வைப்பது.

நான்காவது, டேங்கில் ஒட்டு வேலை. துருவினால் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தால் அதை வெல்டிங் வைத்தோ, எம்-சீல் வைத்தோ அடைத்து ஓட்டுகிறார்கள். ஓர் இடத்தில் ஓட்டை விழுந்துவிட்டது என்றால் அதைச் சுற்றியுள்ள தகடும் காகிதம் போல் மெலிந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். வெல்டிங் சூடு அதை மேலும் பலவீனமாக்கும். ஓட்டை விழுந்த டேங்கை மாற்றுவது மட்டுமே தீர்வு.

இவற்றோடு வெயிலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 30 டிகிரியில் 7 கிலோ அழுத்தம் இருக்கும் டேங்க், வெயிலில் கிடந்து 60 டிகிரிக்குச் சூடானால் அழுத்தம் ஏறக்குறைய 7.8 கிலோவாக ஏறிவிடும். மோட்டார் ஓடாமலேயே இது நடக்கும். அதனால் கம்ப்ரசருக்கு நிழலும் காற்றோட்டமும் அவசியம்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன்...

காலையில் சுவிட்ச் போடுவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். பார்க்க வேண்டியவை இவைதான்:

* டேங்கின் அடியில் உள்ள டிரெயின் வால்வைத் திறந்து தண்ணீர் வெளியேறிவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

* ஆயில் கண்ணாடியில் குறியிட்ட அளவு ஆயில் இருக்க வேண்டும். ஆயில் பால் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். கம்ப்ரசர் ஆயில்தான் ஊற்ற வேண்டும். வண்டியில் இருந்து வடித்த பழைய ஆயில் கூடவே கூடாது.

* பெல்ட்டின் மீது மூடி இருக்க வேண்டும். வேட்டி நுனி, சேலை முந்தானை, துப்பட்டா, தலைமுடி எதுவாக இருந்தாலும் ஒரு நொடியில் உள்ளே இழுத்துவிடும்.

* ஹோஸில் வெடிப்பு, வீக்கம், டேப் சுற்றிய ஒட்டு இருந்தால் மாற்ற வேண்டும். இணைப்புகளில் கிளாம்ப் போட்டிருக்க வேண்டும். கம்பி கட்டுவது கிளாம்ப் ஆகாது.

* ஏர் ஃபில்டர் சுத்தமாக இருக்க வேண்டும். அடைத்துக்கொண்டால் இயந்திரம் சூடாகும்.

* எர்த் இணைப்பு சரியாக இருக்க வேண்டும். ஒரே பிளக்கில் பல இயந்திரங்களையும், மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரையும் தவிர்க்க வேண்டும். ஒயர் மெலிதாக இருந்தால் மோட்டாருக்கு வோல்டேஜ் குறையும், ஒயர் சூடாகி உருகும். இயந்திரத்தைத் தள்ளி வைக்க வேண்டியிருந்தால் ஒயரை நீட்டுவதைவிட ஏர் ஹோஸை நீட்டுவது நல்லது.

* பிரஷர் மீட்டர் முள், காற்று இல்லாதபோது பூஜ்யத்தில் நிற்க வேண்டும். கண்ணாடி உடைந்த மீட்டர், முள் மாட்டிக்கொண்ட மீட்டர் இருப்பதும் ஒன்று, இல்லாததும் ஒன்று.

ஓடும்போது கவனிக்க வேண்டியவை என்ன?

கட்-ஆஃப் அழுத்தம் வந்ததும் மோட்டார் தானாக நிற்கிறதா என்று தினமும் ஒரு முறையாவது கவனிக்க வேண்டும். நிற்கவில்லை என்றால் உடனே மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும்.

சேஃப்டி வால்வில் ஒரு சின்ன வளையம் இருக்கும். வாரம் ஒரு முறை, முகத்தை விலக்கி வைத்துக்கொண்டு, கண்ணாடி அணிந்து அதை லேசாக இழுத்துப் பார்க்கலாம். காற்று சீறி வந்து, விட்டதும் நின்றால் வால்வு உயிரோடு இருக்கிறது. வரவில்லை என்றாலும், விட்ட பிறகும் நிற்கவில்லை என்றாலும் அதே அளவு அழுத்தத்துக்கான புது வால்வு போட வேண்டும்.

சிலிண்டர் ஹெட்டையும் அதிலிருந்து டேங்குக்குப் போகும் குழாயையும் தொடக் கூடாது. காற்றை அழுத்தினால் சூடாகும். ஒரே கட்டத்தில் 7 கிலோவுக்கு அழுத்தும்போது, கணக்குப்படி காற்றின் சூடு 250 டிகிரியையும் தாண்டும். நிஜத்தில் ஹெட்டில் உள்ள இறக்கைகள் வெப்பத்தை வெளியே தள்ளுவதால் அதைவிடக் குறையும். ஆனாலும் தோல் பொசுங்கும் சூடுதான். அந்த இறக்கைகளில் தூசியும் எண்ணெய்ப் பசையும் படிந்தால் சூடு வெளியேறாது.

கரண்ட் போனால் என்ன செய்வது? இதை நிறையப் பேர் யோசிப்பதில்லை. கரண்ட் போன நேரத்தில் "சரி, பெல்ட்டைச் சரி பண்ணிடலாம்" என்று கையை வைப்பார்கள். கரண்ட் திரும்ப வந்ததும் கம்ப்ரசர் தானாக ஸ்டார்ட் ஆகும். விரல் போவது இப்படித்தான். கரண்ட் போன உடனே மெயின் சுவிட்சை அணைப்பது பழக்கமாக வேண்டும். பழுது பார்க்கும்போது ஃபியூஸைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்வது இன்னும் பாதுகாப்பு.

வேலை முடிந்ததும் மெயினை அணைத்து, ஹோஸில் உள்ள காற்றை வெளியேற்றிய பிறகே அதைக் கழற்ற வேண்டும். அழுத்தம் இருக்கும்போது கழன்ற ஹோஸ் பாம்பு போலச் சுழன்று அடிக்கும். அதன் முனையில் உள்ள இரும்பு இணைப்பு பல்லையும் கண்ணையும் பதம் பார்த்துவிடும். கடைசியாக டேங்க் தண்ணீரை வடித்துவிட்டுக் கிளம்பலாம்.

பி.வி.சி. பைப்பில் காற்று லைன் போடலாமா?

கூடாது. பட்டறைகளில் செலவைக் குறைக்க தண்ணீர் பைப்பையே சுவர் ஓரமாக ஓட்டி காற்று லைன் ஆக்குகிறார்கள். பி.வி.சி. பைப்பில் எழுதியிருக்கும் அழுத்த அளவு தண்ணீருக்கானது. தண்ணீர் லைன் உடைந்தால் ஒழுகும். காற்று லைன் உடைந்தால் கத்தி போன்ற துண்டுகளாகச் சிதறும். வெயில் பட்டுப் பட்டு அந்த பைப் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 1988-லேயே இதை எச்சரித்திருக்கிறது. இரும்பு, செம்பு, அல்லது அழுத்தக் காற்றுக்கென்றே தயாரித்த பைப் மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

உடம்பில் காற்று அடித்தால் என்ன ஆகும்?

வேலை முடிந்ததும் சட்டையில் படிந்த தூசியை ஏர் கன் வைத்து ஊதிக்கொள்வது மில்லிலும் பட்டறையிலும் சாதாரணக் காட்சி. இது ரொம்ப ஆபத்தான பழக்கம்.

தோலில் சின்னக் கீறல் இருந்தாலும் அழுத்தக் காற்று அதன் வழியே உள்ளே புகுந்து தோலுக்கு அடியில் பரவும். ரத்தக் குழாய்க்குள் காற்றுக் குமிழ் போனால் உயிரே போகலாம். கண்ணில் பட்டால் தூசித் துகள் கருவிழியில் குத்தி நிற்கும். காதுக்கு அருகே அடித்தால் செவிப்பறை கிழியும்.

இதைவிடக் கொடுமை, நண்பனின் பின்புறத்தில் ஹோஸை வைத்துக் காற்று அடிக்கும் 'விளையாட்டு'. இந்தியாவில் பல ஊர்களில் இதனால் இளைஞர்கள் இறந்திருக்கிறார்கள். 2024 மார்ச் மாதம் பெங்களூருவில் ஒரு பைக் சர்வீஸ் சென்டரில், நண்பர் விளையாட்டாக ஏர் புளோயரில் காற்று அடித்ததில் குடல் சிதைந்து 24 வயது இளைஞர் உயிரிழந்தார். நண்பர் கைது செய்யப்பட்டார்.

பெருங்குடல் கிழிவதற்கு ஏறக்குறைய 4 பி.எஸ்.ஐ. அழுத்தமே போதும் என்கிறது மருத்துவம். கம்ப்ரசரில் இருப்பதோ 100 பி.எஸ்.ஐ. துணி மேலே இருந்தாலும் காற்று உள்ளே போகும். ஒரு நொடி போதும். செய்தவர் மீது வழக்கு பாயும். இரண்டு குடும்பங்கள் நாசமாகும். பட்டறை முதலாளிகளும் மேஸ்திரிகளும் புதிதாக வேலைக்கு வரும் பையன்களிடம் முதல் நாளே சொல்ல வேண்டிய விஷயம் இது.

இயந்திரத்தைச் சுத்தம் செய்வதற்குக்கூட காற்றின் அழுத்தம் 30 பி.எஸ்.ஐ.க்குள் இருக்க வேண்டும், கண்ணாடி அணிந்திருக்க வேண்டும் என்பது ஓஷா விதி. உடம்பைச் சுத்தம் செய்ய எந்த அழுத்தமும் கூடாது.

லாரி டயருக்குக் காற்று அடிக்கும்போது...

மதுரையில் இருந்து கன்னியாகுமரி போகும் தேசிய நெடுஞ்சாலை இந்த மாவட்டத்தின் வழியாகத்தான் போகிறது. சரக்கு லாரிகளுக்குப் பஞ்சமில்லை. லாரி டயரில் 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்று நிரப்ப வேண்டியிருக்கும். பஞ்சர் கடைகளில் உயிர்ப்பலி நடப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

லாரி வீலில் டயரைப் பிடித்து வைக்கும் இரும்பு வளையத்தை 'லாக் ரிங்' என்பார்கள். அது சரியாக உட்காராமல் காற்று ஏற்றினால், அழுத்தம் கூடும்போது குண்டு போலத் தெறிக்கும். நேர் எதிரே இருப்பவர் பிழைப்பது கஷ்டம்.

காற்று ஏற்றும்போது வீலை இரும்புக் கூண்டுக்குள் வைக்க வேண்டும். கூண்டு இல்லாத கடையில் அந்த வேலையைச் செய்யக் கூடாது. வால்வில் தானாகக் கவ்விக்கொள்ளும் கிளிப் முனையும் நீளமான ஹோஸும் வைத்து, டயரின் பக்கவாட்டுக்கு நேராக இல்லாமல் தள்ளி நின்று நிரப்ப வேண்டும். டயர் மீது குனிவதும் உட்காருவதும் கூடாது. காற்று ஏறிக்கொண்டிருக்கும்போது வளையத்தைச் சுத்தியலால் தட்டி உட்கார வைப்பதும் கூடவே கூடாது. காற்றே இல்லாமல் வெகுதூரம் ஓடிய டயரின் பக்கச்சுவர் உள்ளே அறுந்திருக்கும். அதைக் கழற்றிப் பார்க்காமல் நேராகக் காற்று அடிக்கக் கூடாது.

பட்டாசுப் பகுதியில் கூடுதல் கவனம் ஏன்?

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் வெடி விபத்து என்பது வெறும் செய்தி இல்லை. 2012 செப்டம்பர் 5-ம் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2021 பிப்ரவரி 12-ம் தேதி சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நடந்த விபத்து 20-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. இந்த விபத்துகளுக்கும் கம்ப்ரசருக்கும் தொடர்பு இல்லை. ஆனால் பட்டாசு மருந்துக்குத் தேவைப்படும் பொறி எவ்வளவு சிறியது என்பதை அவை காட்டின. உராய்வு, சூடு, நிலை மின்சாரம் என எதுவாக இருந்தாலும் போதும்.

சாதாரண கம்ப்ரசரில் இந்த எல்லாமே இருக்கின்றன. பிரஷர் சுவிட்ச் திறந்து மூடும்போது உள்ளே பொறி பறக்கும். மோட்டாரும் ஹெட்டும் சூடாகும். பெல்ட் ஓடும்போது நிலை மின்சாரம் உருவாகும். பட்டாசில் பயன்படும் கந்தகம் ஏறக்குறைய 230 டிகிரியில் தானாகவே தீப்பிடிக்கக் கூடியது.

அதைவிட முக்கியம், தூசி. அலுமினியத் தூள் தரையில் படிந்து கிடக்கும்போது இருப்பதைவிட, காற்றில் மேகம் போலப் பரவும்போது பல மடங்கு ஆபத்தானது. ஒவ்வொரு துகளைச் சுற்றியும் ஆக்சிஜன் கிடைப்பதால் ஒரு பொறி பட்டாலே மொத்த மேகமும் ஒரே நேரத்தில் எரியும். மருந்து படிந்த மேஜையையோ சட்டையையோ ஏர் கன் வைத்து ஊதினால் நடப்பது இதுதான். தூசி மேகம், வேகமான காற்று உரசுவதால் வரும் நிலை மின்சாரம் இரண்டையும் ஒரே நேரத்தில் உருவாக்குகிறோம்.

அதனால் பட்டாசு ஆலைகளில் பின்பற்ற வேண்டியவை:

* மருந்து கலக்கும், நிரப்பும், காய வைக்கும், இருப்பு வைக்கும் அறைகளிலும் அவற்றின் பக்கத்திலும் கம்ப்ரசருக்கு இடமே இல்லை. பேக்கிங், வண்டிப் பராமரிப்பு போன்ற வேலைகளுக்குத் தேவை என்றால், அனுமதிக்கப்பட்ட தனி இடத்தில் மட்டுமே வைக்க வேண்டும்.

* லைசென்ஸ் வரைபடத்தில் இல்லாத ஷெட்டையோ இயந்திரத்தையோ, பெசோ எனப்படும் மத்திய வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு அல்லது லைசென்ஸ் கொடுத்த அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் சேர்க்கக் கூடாது.

* கம்ப்ரசர் காற்றை இழுக்கும் ஃபில்டர், மருந்துத் தூசி வரும் திசையில் இருக்கக் கூடாது.

* தூசியை ஊதக் கூடாது. ஃபோர்மேன் சொல்லும் முறையில் மெதுவாகக் கூட்டியோ ஈரத்துணியால் துடைத்தோ எடுக்க வேண்டும். அலுமினியம் கலந்த மருந்து ஈரம் பட்டுக் கிடந்தால் தானாகவே சூடேறலாம். எனவே துடைத்த துணியையும் கழிவையும் அறைக்குள் போட்டு வைக்காமல் அன்றன்றே அப்புறப்படுத்த வேண்டும்.

* வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் பட்டறையில் நின்று சட்டையை ஊதிக்கொள்வதும் கூடாது. அங்கே வெல்டிங் பொறி பறந்துகொண்டிருக்கலாம். துணியை மாற்றி, குளிப்பதுதான் சரி.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பட்டாசுக் கடை, குடோன் அருகே இருக்கும் பஞ்சர் கடைகளும் வெல்டிங் பட்டறைகளும் தங்கள் கம்ப்ரசர், ஒயரிங் நிலையைச் சரியாக வைத்திருக்க வேண்டும். அவர்கள் கடையில் விழும் ஒரு பொறி அவர்கள் கடையோடு நிற்காது. பட்டாசு ஏற்றிய வண்டி பஞ்சர் ஆகி நின்றால், கம்ப்ரசர் ஓடும் ஷெட்டுக்குள் அதை விடாமல், வீலை மட்டும் கழற்றி எடுத்துவந்து வேலை பார்ப்பது பாதுகாப்பானது.

அச்சகம், மில்லில் வேலை செய்பவர்களுக்கு...

ஆஃப்செட் பிரஸ்ஸில் உருளைகளைக் கழுவ மண்ணெண்ணெய், தின்னர் போன்றவை பயன்படுகின்றன. அந்த ஆவி சூழ்ந்த மூலையில் கம்ப்ரசரை வைக்கக் கூடாது. கம்ப்ரசர் அந்த ஆவியையும் சேர்த்து இழுத்து அழுத்தும். பெயின்ட் ஸ்ப்ரே செய்யும் இடத்துக்கும் இதே விதிதான். கம்ப்ரசரை வெளியே வைத்து ஹோஸை மட்டும் உள்ளே கொண்டுவர வேண்டும்.

நூற்பாலைகளில் பஞ்சுத் தூசியைக் காற்று அடித்துக் கிளப்பினால் அது நேராக நுரையீரலுக்குப் போகும். தீப்பிடிக்கவும் வாய்ப்பு அதிகம். உறிஞ்சி எடுக்கும் இயந்திரம்தான் சரியான வழி.

கம்ப்ரசருக்குப் பக்கத்தில் நின்று பேச, குரலை உயர்த்திக் கத்த வேண்டியிருக்கிறதா? அப்படியானால் அந்தச் சத்தம் காதைக் கெடுக்கும் அளவில் இருக்கிறது. நாள் முழுக்க அங்கே நிற்பவர்களுக்குக் காது அடைப்பான் கொடுக்க வேண்டும்.

போர்வெல் கம்ப்ரசர், கிணறு வேலை

தண்ணீர் ஆழத்துக்குப் போய்விட்ட இந்த மாவட்டத்தில், போருக்குள் காற்றுக் குழாயை இறக்கி, காற்றின் வேகத்தில் தண்ணீரை மேலே கொண்டுவரும் கம்ப்ரசர்கள் நிறைய ஓடுகின்றன. இதில் பெரும்பாலும் பெல்ட் திறந்தே கிடக்கும். குழந்தைகள் விளையாடும் வீட்டு வாசலில் அப்படி ஓடுவது ஆபத்து. ஈரத் தரையில் நின்று சுவிட்ச் போடக் கூடாது. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் தண்ணீரோடு கலந்து வரும். தண்ணீரில் எண்ணெய்ப் படலம் தெரிந்தால் குடிக்கப் பயன்படுத்தாமல் இயந்திரத்தைச் சரிசெய்ய வேண்டும்.

கிணறு வெட்டும்போதும் குவாரியிலும் டிராக்டர் கம்ப்ரசர் வைத்துப் பாறையில் துளை போடுவார்கள். முன்பு வெடி வைத்த பழைய துளையிலோ அதன் மிச்சத்திலோ மறுபடி துளை போடவே கூடாது. வெடிக்காத மருந்து உள்ளே இருந்தால் டிரில்லின் அடியில் வெடிக்கும்.

விஷவாயு இருக்கும் கிணற்றிலோ தொட்டியிலோ இறங்குபவர் மூச்சுவிட, சாதாரண கம்ப்ரசர் ஹோஸைக் கொடுப்பதும் தவறு. அந்தக் காற்றில் எண்ணெய்ப் புகையும் கார்பன் மோனாக்சைடும் கலந்திருக்கலாம்.

பழைய கம்ப்ரசர் வாங்கலாமா?

கம்ப்ரசர் தயாரிப்பில் கோயம்புத்தூர் நாட்டிலேயே முக்கியமான ஊர். புது இயந்திரம் வாங்கினால் டேங்கில் ஒரு தகடு ஒட்டியிருக்கும். தயாரித்த ஆண்டு, கொள்ளளவு, தாங்கும் அதிகபட்ச அழுத்தம் ஆகியவை அதில் இருக்கும்.

பழைய கம்ப்ரசர் வாங்குபவர்கள் முதலில் அந்தத் தகட்டைத் தேட வேண்டும். தகடு இல்லாத டேங்க், அடியில் வெல்டிங் ஒட்டு உள்ள டேங்க், புதிதாக பெயின்ட் அடித்துத் துருவை மறைத்த டேங்க் ஆகியவை விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

மற்றவை சரியாக இருந்தால் ஹைட்ரோ டெஸ்ட் செய்து வாங்கலாம். டேங்கில் தண்ணீர் நிரப்பி, வழக்கத்தைவிட அதிக அழுத்தம் கொடுத்துப் பார்க்கும் சோதனை இது. தண்ணீரை ஏன் பயன்படுத்துகிறார்கள்? தண்ணீரை அழுத்தினாலும் அது சுருங்காது. அதனால் டேங்க் கிழிந்தாலும் சிதறாது, ஒழுகும். காற்று வைத்துச் சோதனை செய்வது வெடிகுண்டைச் சோதிப்பது போல.

பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசரையும் காலி கேஸ் சிலிண்டரையும் இணைத்து வீட்டிலேயே கம்ப்ரசர் செய்யும் வீடியோக்களை நம்பி இறங்க வேண்டாம். பெரும்பாலானவற்றில் சேஃப்டி வால்வே இருப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

அழுத்தத்தில் இயங்கும் எந்த இயந்திரமும் பாதுகாப்பான அழுத்த எல்லையைத் தாண்டாமல் இருக்க முறையான ஏற்பாடு இருக்க வேண்டும் என்பது 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 31-வது பிரிவிலேயே எழுதப்பட்டது. சுழலும் பாகங்களுக்கு வேலி போட வேண்டும் என்பதை 21-வது பிரிவு சொன்னது. தொழிற்சாலைகளில் உள்ள காற்று டேங்குகளைத் தகுதி பெற்ற நபர் குறிப்பிட்ட இடைவெளியில் சோதித்துச் சான்று தர வேண்டும். இதைக் கண்காணிப்பது தமிழ்நாடு அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம்.

ஒன்றிரண்டு பேர் வேலை பார்க்கும் பஞ்சர் கடைக்கும் பட்டறைக்கும் இந்த ஆய்வு வருவது அரிது. அங்கே முதலாளிதான் இன்ஸ்பெக்டர். ஆண்டுக்கு ஒரு முறையாவது நல்ல மெக்கானிக்கை வைத்து டேங்க், வால்வு, மீட்டர் மூன்றையும் சோதித்து, தேதியை டேங்கிலேயே எழுதி வைக்கலாம்.

விபத்து நடந்தால் உடனே என்ன செய்வது?

முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். 108-க்கு அழைக்க வேண்டும். தீ என்றால் 101. எந்த அவசரத்துக்கும் 112.

உடம்புக்குள் காற்று புகுந்திருந்தால் வெளியே காயமே தெரியாமல் இருக்கலாம். "கொஞ்ச நேரத்தில சரியாயிடும்" என்று காத்திருக்கக் கூடாது. வயிறு உப்பினாலோ, வலி எடுத்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்கக் கூடாது. என்ன நடந்தது என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். வழக்குக்குப் பயந்து மறைத்தால் நேரம் போகும், அந்த நேரத்தில் உயிரும் போகும்.

கண்ணில் துகள் விழுந்தால் தேய்க்கக் கூடாது. குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்கக் கூடாது. கண்ணை அழுத்தாமல் மூடி, கண் மருத்துவரிடம் போக வேண்டும். தோலில் வீக்கம் வந்து, தொட்டால் 'நறநற' என்று இருந்தால் காற்று உள்ளே பரவியிருக்கிறது என்று அர்த்தம். அதையும் அவசரமாகவே பார்க்க வேண்டும்.

சுருக்கமாக நினைவில் வைக்க...

தினமும்: தண்ணீரை வடிக்கவும், ஆயில் பார்க்கவும், மோட்டார் தானாக நிற்கிறதா என்று கவனிக்கவும்.

வாரம் ஒரு முறை: சேஃப்டி வால்வு வளையத்தை இழுத்துப் பார்க்கவும், ஃபில்டரைச் சுத்தம் செய்யவும், ஹோஸைத் தடவிப் பார்க்கவும்.

ஆண்டுக்கு ஒரு முறை: டேங்க், வால்வு, மீட்டர், ஒயரிங்கை மெக்கானிக்கிடம் சோதிக்கவும்.

எப்போதும் கூடாதவை: உடம்பில் காற்று அடிப்பது, வால்வைக் கட்டுவது, டேங்கை ஒட்டுவது, மருந்துத் தூசியை ஊதுவது.

ஆயுத பூஜை அன்று எல்லாப் பட்டறையிலும் கம்ப்ரசரைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போடுகிறார்கள். அன்றைக்கே டேங்கின் அடியையும் ஒரு முறை தட்டிப் பார்த்து, வால்வையும் ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டால், அடுத்த ஆண்டு பூஜைக்கும் அதே ஆட்கள் அங்கே இருப்பார்கள்.